மோலே காடும் வோல்டா ஏரியும்: கானாவுக்கு வனவிலங்குப் பயணம் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மேற்கு ஆப்பிரிக்காவின் கானா நாட்டில் இரண்டு இடங்களைப் பற்றியது இந்தப் பக்கம். ஒன்று, வடக்கே சவானா என்னும் புல்வெளி நிலத்தில் இருக்கும் மோலே தேசியப் பூங்கா. மற்றொன்று, தென்கிழக்கில் தொடங்கி நாட்டின் நடுப்பகுதி வரை கைகளை விரித்துக் கிடக்கும் வோல்டா ஏரி. வரைபடத்தில் இரண்டும் அருகருகே தெரிந்தாலும் பயணத் திட்டத்தில் அவை வெகு தொலைவு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மேற்கு ஆப்பிரிக்காவில் இதைவிடப் பெரிய பூங்காக்கள் இருக்கின்றனவே, ஏன் கானா?

இருக்கின்றன. விலங்குகளை மட்டும் வைத்துப் பார்த்தால் பெனின் நாட்டின் பெஞ்சாரிதான் முதலிடம். பெஞ்சாரி, டபிள்யூ, அர்லி என்று பெனின், நைஜர், புர்கினா பாசோ ஆகிய மூன்று நாடுகளின் எல்லைகளில் ஒட்டிக் கிடக்கும் காடுகளில்தான் மேற்கு ஆப்பிரிக்கச் சிங்கங்களில் மிகப் பெரும்பகுதி எஞ்சியிருக்கிறது. ஆனால் 2019 மே மாதத்தில் பெஞ்சாரிக்குச் சென்ற இரண்டு பிரெஞ்சுப் பயணிகள் கடத்தப்பட்டார்கள். அவர்களுடைய வழிகாட்டி கொல்லப்பட்டார். 2022 பிப்ரவரியில் டபிள்யூ பூங்காவில் வனக்காவலர்களே தாக்குதலுக்கு இரையானார்கள். அதன் பிறகும் நிலைமை தேறவில்லை.

ஏரியும் சவானாவும் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் நைஜீரியாவின் கைஞ்சி ஏரி தேசியப் பூங்காவைத்தான் சொல்ல வேண்டும். 5,300 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரப்பு, அருகே அணை கட்டி உருவான பெரிய ஏரி, நைஜீரியாவில் எஞ்சியிருக்கும் கொஞ்சம் சிங்கங்களில் ஒரு பங்கு. எழுத்தில் அருமையான இடம். நடைமுறையில், ஆயுதக் குழுக்கள் நடமாடும் காடு. சுற்றுலா என்று அங்கே போகச் சொல்ல எனக்குக் கை வரவில்லை.

கானா அப்படியில்லை. மோலேயில் பயணிகளுக்கென்று வழிகாட்டிகளும் தங்குமிடங்களும் தார்ச்சாலையும் இருக்கின்றன. ஆங்கிலம் ஆட்சி மொழி. அதேசமயம் கானாவின் வடகோடியும் முழுக்க நிம்மதியான இடமில்லை. புர்கினா பாசோ எல்லையை ஒட்டிய பகுதிகளுக்கும், நெடுங்காலமாகத் தலைமைப் பூசல் புகையும் பாவ்கு நகரத்துக்கும் போக வேண்டாம் என்று பல நாட்டு அரசுகள் எச்சரிக்கின்றன. மோலே அந்த எல்லையிலிருந்து நன்றாகத் தெற்கே தள்ளி இருக்கிறது. ஆனாலும் டிக்கெட் எடுக்கும் முன் ஒரு முறை, கிளம்பும் வாரத்தில் இன்னொரு முறை எச்சரிக்கைகளைப் பார்த்துவிடுங்கள்.

மோலேயில் சிங்கம் பார்க்க முடியுமா?

முடியாது என்றே எண்ணிக்கொண்டு வாருங்கள். சிங்கமும் சிறுத்தையும் பூங்காவின் பட்டியலில் இருக்கின்றன; கண்ணில் படுவது அரிதிலும் அரிது. ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் கிடையாது. ‘ஐந்து பெரு விலங்குகளும் நிச்சயம்’ என்று விளம்பரம் செய்யும் முகவரைக் கண்டால் நடையைக் கட்டுங்கள். சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் என்ற அந்த ஐந்தும் வேண்டுமென்றால் கென்யாவுக்கோ தான்சானியாவுக்கோ போவதுதான் முறை.

அப்படியானால் அங்கே என்னதான் இருக்கிறது?

யானை. மோலேக்குப் போக அந்த ஒன்று போதும்.

பூங்காவின் தலைமையகம் ஒரு செங்குத்தான மேட்டின் விளிம்பில் இருக்கிறது. கீழே இரண்டு நீர்க்குட்டைகள். அவற்றுக்கு அப்பால் அடிவானம் வரை மரங்கள் சிதறிய புல்வெளி. கோடை முற்ற முற்ற உள்காட்டு ஓடைகள் வற்றிப்போய், யானைகள் இந்தக் குட்டைகளைத் தேடி வருகின்றன. தலைமையகத்தைச் சுற்றி வருபவை பெரும்பாலும் ஆண் யானைகள். நண்பகல் வெயிலில் குட்டைக்குள் இறங்கித் தும்பிக்கை மட்டும் தெரிய அமிழ்ந்து கிடக்கும். கரையேறியதும் செம்மண்ணை வாரிப் பூசிக்கொள்ளும். மேட்டின் மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்தே இதைப் பார்க்கலாம். இறங்கி நடந்தும் பார்க்கலாம். முதுமலையிலும் வால்பாறையிலும் யானை பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த உருவமும் அந்தக் காது விரிப்பும் வேறு மாதிரி இருக்கும்; இங்கே பெண் யானைக்கும் தந்தம் உண்டு.

யானைக்கு அடுத்தபடி மான் கூட்டம். கோப், வாட்டர்பக், புஷ்பக் மூன்றும் எளிதில் தென்படும். குதிரை அளவுக்கு உயரமான ரோன் மானும், நீண்ட முகம் கொண்ட ஹார்ட்டிபீஸ்டும் கொஞ்சம் உள்ளே போனால்தான். ஆப்பிரிக்கக் காட்டெருமை உண்டு. ஆனால் ஆளைக் கண்டால் விலகிவிடும். வார்ட்ஹாக் என்னும் கொம்புப்பல் பன்றிகள் ஊழியர் குடியிருப்பில் வீட்டு ஆடு போல மேய்கின்றன, முன்னங்கால்களை மடக்கி முட்டி போட்டுக்கொண்டு. ஆலிவ் பபூன்கள் உங்களை விடச் சாமர்த்தியசாலிகள். மேசையில் வைத்த ரொட்டி, திறந்து கிடக்கும் சன்னல், ஜிப் போடாத பை என எதையும் அவை விட்டுவைப்பதில்லை. செம்பட்டை நிறத்தில் நெடுங்கால்களோடு புல்வெளியில் பாய்ந்து ஓடும் பாட்டாஸ் குரங்கையும் தவறவிடாதீர்கள். குரங்கினத்தில் அதைவிட வேகமாக ஓடுவது வேறில்லை. குட்டைகளில் முதலைகள் உண்டு.

பூங்கா மொத்தம் சுமார் 4,500 சதுர கிலோமீட்டர். 1958இல் வேட்டை தடுக்கப்பட்ட காப்பகமாக அறிவிக்கப்பட்டு, 1971இல் தேசியப் பூங்கா ஆனது. 90க்கும் மேற்பட்ட பாலூட்டி இனங்கள், 300க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியுள்ளன. பெரும்பாலான பயணிகள் பார்ப்பது அதன் தென்கோடியில் ஒரு சின்னத் துண்டை மட்டும்தான். அந்தத் துண்டே போதுமானதாக இருக்கிறது.

காட்டுக்குள் நடந்து போவது ஆபத்தில்லையா?

ஆபத்து இல்லாமல் இல்லை. அதனால்தான் துப்பாக்கி ஏந்திய வனக்காவலர் இல்லாமல் யாரையும் இறங்க விடுவதில்லை. காலையில் ஒரு நடை, பிற்பகலில் வெயில் தாழ்ந்த பிறகு ஒரு நடை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். மேட்டிலிருந்து இறங்கி, குட்டையைச் சுற்றி, மீண்டும் ஏறி வர வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இறக்கம் கொஞ்சம் தொல்லை தரும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். கோயில் யானைக்கு அது சரி. காட்டு யானை அவ்வளவு பெரிய உடம்பை வைத்துக்கொண்டு ஓசையே இல்லாமல் புதருக்குப் பின்னாலிருந்து வெளிப்படும். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று வனக்காவலர் பார்த்துக்கொண்டே நடப்பார். அவர் நில் என்றால் நிற்க வேண்டும். பின்வாங்கு என்றால் படம் எடுத்துக்கொண்டு நிற்கக் கூடாது. ‘இன்னும் கொஞ்சம் கிட்டே போகலாமா’ என்று காவலரை நச்சரிப்பவர்களால்தான் எல்லாருக்கும் இடைஞ்சல். காசு கொடுத்துக் கெஞ்சினால் கூட்டிப் போகிற காவலர் கிடைக்கலாம், அவரோடு போகாதீர்கள்.

நடை ஒரு நாள், ஜீப் ஒரு நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது. நடையில் யானையின் மூச்சுக் கேட்கும். ஜீப்பில்தான் உள்காட்டு மான்கள் கிடைக்கும். இரவு ஜீப்பில் மரநாய் வகைகளும் புதர்க்குழந்தை என்னும் கண் பெருத்த சிறு விலங்கும் விளக்கொளியில் மின்னும்.

எந்த மாதத்தில் போகலாம்?

வடக்கு கானாவில் மழைக்காலம் ஒன்றுதான்: மே முதல் அக்டோபர் வரை. மீதி மாதங்கள் வறட்சி. யானைக்கு ஜனவரி முதல் ஏப்ரல் தொடக்கம் வரை.

ஆனால் அந்த மாதங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருப்பதில்லை. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை சகாராவிலிருந்து ஹார்மட்டான் காற்று வீசும். வானம் பால் கலந்த தண்ணீராக வெளுத்துவிடும். தொலைவில் எதுவும் தெரியாது, உதடு வெடிக்கும், கேமராவுக்குள் புழுதி போகும். விடியற்காலை ஜீப்பில் ஒரு ஸ்வெட்டர் தேவைப்படும் அளவுக்குக் குளிரும். மார்ச்சில் புழுதி குறைந்து வெயில் கொளுத்தத் தொடங்கும். 40 டிகிரியைத் தொடுவது சாதாரணம். குட்டையில் யானைக் கூட்டம் உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான். வேலூர் வெயிலைத் தாங்குகிறவர்கள் மார்ச்சுக்கு அஞ்ச வேண்டியதில்லை.

வறட்சியின் தொடக்கத்தில் வனத்துறையே புல்லுக்குத் தீ வைக்கிறது. கருகிய நிலத்தைப் பார்த்துப் பதற வேண்டாம். புல்லில் ஈரம் மிச்சமிருக்கும்போதே திட்டமிட்டு எரித்துவிட்டால், பின்னால் காய்ந்த புல்லில் பெருந்தீ பரவுவதைத் தடுக்கலாம். சாம்பலின் மேல் முளைக்கும் இளந்தளிருக்கு மான்கள் வந்து சேரும். புல் தாழ்ந்திருப்பதால் பார்வைக்கும் தடை இருக்காது.

மழைக்காலம் வீண் என்று தள்ளிவிடவும் வேண்டாம். ஜூலையில் காடு பச்சையாக இருக்கும், கூட்டம் இருக்காது, புழுதியும் இருக்காது. ஆளுயரப் புல்லுக்குள் யானையைத் தேட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். உள்சாலைகள் சில மூழ்கி மூடப்படும்.

பறவை பார்ப்பவர்களுக்கு?

நவம்பர் முதல் மார்ச் வரை. ஐரோப்பாவிலிருந்து வலசை வரும் பறவைகளும் உள்ளூர்ப் பறவைகளும் சேர்ந்திருக்கும் காலம் அது. தரையில் வான்கோழி போல நடந்து திரியும் அபிசீனிய நிலஇருவாட்சி, செந்தொண்டைப் பஞ்சுருட்டான், நீண்ட வாலோடு பறக்கும் அபிசீனியப் பனங்காடை, ஊதா டுராக்கோ, வாலில்லாதது போலப் பறக்கும் பட்டலர் கழுகு ஆகியவை முதல் நாளிலேயே கிடைக்கக் கூடியவை. பறவை தெரிந்த காவலர்கள் தனியாக இருக்கிறார்கள். வந்த அன்றே வரவேற்பில் கேட்டு, மறுநாள் காலைக்கு அவரையே ஒதுக்கிக்கொள்ளுங்கள். யானைக் கூட்டத்தோடு போனால் பறவைக்கு நிற்க விடமாட்டார்கள்.

மோலேக்கு எப்படிப் போய்ச் சேர்வது?

சென்னையிலிருந்து தலைநகர் அக்ராவுக்கு நேரடி விமானம் இல்லை. துபாய் அல்லது அடிஸ் அபாபாவில் மாற வேண்டும். அக்ராவிலிருந்து வடக்கின் பெருநகரமான டாமாலேக்கு உள்நாட்டு விமானம் ஒரு மணி நேரம். பஸ்ஸில் போனால் அதே தூரம் ஒரு முழுப் பகலையோ இரவையோ விழுங்கிவிடும். இரவு பஸ் வேண்டாம். நெடுஞ்சாலையில் விளக்கில்லாமல் நிற்கும் லாரிகள்தான் இந்த நாட்டில் சிங்கத்தைவிட ஆபத்தானவை.

டாமாலேயிலிருந்து தெற்கே ஃபுஃபுல்சோ என்னும் சந்திப்பு வரை வந்து, அங்கிருந்து மேற்கே டாமோங்கோ வழியாக லாராபங்கா. பழைய பயண நூல்களில் இந்தச் சாலையைப் பற்றி அழுது தீர்த்திருப்பார்கள். அந்தச் செம்மண் சாலை கடந்த பத்தாண்டுக்கு முன்பே தார்ச்சாலை ஆகிவிட்டது. இப்போது டாமாலேயிலிருந்து காரில் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் பூங்கா வாசலுக்கு வந்துவிடலாம். பஸ்ஸில் வருகிறவர்கள் வா நகரத்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறி லாராபங்காவில் இறங்கி, மீதித் தூரத்துக்கு மோட்டார் சைக்கிளோ மூன்று சக்கர வண்டியோ பிடிக்கலாம். நம் ஆட்டோவேதான், இந்தியாவில் செய்த வண்டிகளும் அவற்றில் நிறைய.

லாராபங்கா மசூதியைப் பார்க்க நிற்க வேண்டுமா?

வேண்டும். சுடாத மண்ணும் மரக்கட்டைகளும் கொண்டு கட்டிய சூடானியப் பாணி மசூதி அது. சுவரிலிருந்து கட்டைகள் நீட்டிக்கொண்டிருக்கும், மேலே வெள்ளைச் சுண்ணாம்பு. 1421இல் கட்டப்பட்டது என்பது ஊரார் சொல்லும் கணக்கு. கானாவின் மிகப் பழைய மசூதி என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. இடையில் யாரோ நல்லெண்ணத்தோடு சிமெண்ட் பூசிவிட்டார்கள். சிமெண்ட் ஈரத்தை உள்ளே சிறைப்பிடித்துச் சுவரை அரிக்கத் தொடங்கியது. பிறகு உலக நினைவுச்சின்ன நிதியத்தின் உதவியோடு அதை உரித்தெடுத்து, பழைய முறையிலேயே மண் பூசினார்கள். செட்டிநாட்டு வீடுகளைச் சிமெண்டால் ‘காப்பாற்றுகிறவர்கள்’ ஒரு நடை வந்து பார்க்கலாம்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. வெளியே சுற்றிப் பார்க்கலாம். வண்டி நின்றதும் வழிகாட்டி, நன்கொடை, பள்ளிக்கூட நிதி, கால்பந்துக் குழு என்று பலர் சூழ்ந்துகொள்வார்கள். ஒருவரிடம் தொகையைப் பேசி முடித்துக்கொண்டு, மற்றவர்களுக்குச் சிரித்தபடி இல்லை என்று சொல்லிவிடுங்கள். கோபப்படுவதால் பயனில்லை.

எங்கே தங்குவது?

மேட்டின் விளிம்பிலேயே இருக்கும் மோலே மோட்டல்தான் பழையது. அறைகள் சாதாரணம், தண்ணீரும் மின்சாரமும் சில நேரம் போகும், பரிமாறுவதற்கு நேரம் எடுக்கும். ஆனால் அந்தத் திண்ணைக் காட்சிக்கு ஈடு கிடையாது. கையில் காசிருந்தால் ஸைனா லாட்ஜ். கூடார வடிவ அறைகளும் சொந்த ஜீப்புகளும் உள்ள உயர்விலை விடுதி. சிக்கனமாகப் போகிறவர்கள் லாராபங்காவில் வீட்டுத் தங்கல் கேட்கலாம். டிசம்பர் கடைசி, ஈஸ்டர் இரண்டுக்கும் பல வாரங்கள் முன்பே பதிவு செய்தாக வேண்டும்.

பூங்காவின் ஓரத்தில் மொக்னோரி என்ற கிராமம் இருக்கிறது. அங்கே ஊர்க்காரர்களே துடுப்புப் போட்டு ஆற்றில் மரப்படகில் அழைத்துப் போகிறார்கள், வருமானம் ஊருக்கு. முதலை, மீன்கொத்தி, கரையோரக் குரங்குகள். பெரிய விலங்குக்கு உத்தரவாதமில்லை. ஆனாலும் ஒரு மாலையை இதற்குக் கொடுங்கள்.

வோல்டா ஏரியிலும் வனவிலங்குப் பயணம் உண்டா?

இந்தக் கேள்விக்கு இணையத்தில் பல இடங்களில் ‘ஆம்’ என்று விடை கிடைக்கும். என் விடை, ஏறக்குறைய இல்லை.

வோல்டா இயற்கை ஏரி அல்ல. கானாவின் முதல் குடியரசுத் தலைவர் குவாமே நிக்ரூமாவின் கனவுத் திட்டமாக 1961இல் தொடங்கி 1965இல் கட்டி முடித்த அகோசோம்போ அணை தேக்கிய நீர். 1966 ஜனவரியில் அவர் திறந்துவைத்தார். அடுத்த மாதமே இராணுவம் அவருடைய ஆட்சியைக் கவிழ்த்தது. பரப்பளவில் உலகின் மிகப் பெரிய செயற்கை ஏரி இது, சுமார் 8,500 சதுர கிலோமீட்டர். எழுநூற்றுக்கும் அதிகமான ஊர்கள் மூழ்கின. சுமார் 80,000 பேர் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுக்காகக் கட்டிய 52 குடியேற்ற ஊர்களில் பலருக்கு நிலமும் பிழைப்பும் சரியாக அமையவில்லை. அணையின் மின்சாரத்தில் பெரும்பங்கு நெடுங்காலம் டெமா துறைமுகத்தின் அலுமினிய ஆலைக்குப் போனது.

ஆகவே ஏரிக்கரை என்பது மீனவர்களின் உலகம். கரையெங்கும் குடிசைகள், வலைகள், புகையில் வாட்டும் மீன். மேற்குக் கரையில் டிக்யா தேசியப் பூங்கா இருப்பது உண்மை. 3,700 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து, கானாவின் இரண்டாவது பெரிய பூங்காவாக இருக்கிறது. யானையும் நீர்யானையும் உண்டு என்கிறார்கள். ஆனால் உள்ளே சாலை இல்லாத குறை, தங்க இடமில்லாத குறை, வழிகாட்டி அமைப்பு இல்லாத குறை. அதோடு, பூங்காவுக்குள் குடியிருந்த மக்களை வெளியேற்றிய கதையும் சேர்ந்துகொள்கிறது: 2006 ஏப்ரலில் அப்படி வெளியேற்றப்பட்டவர்களை அளவுக்கு மீறி ஏற்றிச் சென்ற படகு ஏரியில் கவிழ்ந்து ஏராளமானோர் மாண்டார்கள். ஆராய்ச்சிக்குப் போகிறவர்களுக்கு டிக்யா சரி. ஒரு வாரம் விடுமுறை எடுத்து வருகிறவர்களுக்கு அல்ல.

ஏரிக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. விலங்குக்காகப் போகாதீர்கள் என்கிறேன். அக்ராவிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்தில் அகோசோம்போ. வழியில் ஷாய் மலைக் காப்பகம்; அங்கே பபூன்களும் கோப் மான்களும் உண்டு, கடலோரச் சவானா எப்படியிருக்கும் என்றும் தெரியும். அணையைப் பார்க்க வோல்டா நதி ஆணையத்தின் அலுவலகத்தில் அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாமல் படம் எடுத்தால் காவலர்கள் தடுப்பார்கள். கீழே அடிம்போக்குவில் 1957இல் திறந்த அடோமி வளைவுப் பாலம். பாலத்தடியில் பெண்கள் தலையில் தட்டு வைத்து அபோலோ என்னும் சோளமாவு அப்பமும், நெத்திலியைவிடச் சிறிய பொரித்த மீனும் விற்பார்கள். ‘ஒரு ஆளுக்கு ஆயிரம்’ என்று அந்த மீனுக்குப் பெயர். அதை வாங்காமல் பாலத்தைக் கடக்கக் கூடாது.

மீன்பிடிப் படகுகளில் சிறுவர்கள் வலை இழுப்பதைக் காண நேரிடும். அவர்களில் சிலர் பெற்றோரோடு இல்லை. கடனுக்கோ கூலிக்கோ அனுப்பப்பட்டவர்கள். ஏரியின் தீராத பிரச்சினை இது. அழகான படம் என்று அதை எடுத்துப் பகிராதீர்கள்.

ஏரி வழியாகவே படகில் வடக்கே போய், அங்கிருந்து மோலேக்குப் போக முடியுமா?

அகோசோம்போவிலிருந்து வடக்கே யேஜி வரை பெரிய கப்பலில் மக்கள் போன காலம் உண்டு. அந்தச் சேவையை நம்பித் திட்டம் போடாதீர்கள். ஓடினால் ஓடும், இல்லையென்றால் இல்லை. சிறு படகில் நெடுந்தூரம் போகவே கூடாது. காட்டை வெட்டாமலே தண்ணீர் தேக்கியதால், மூழ்கிய மரங்களின் முனைகள் இன்றும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஈட்டியாக நிற்கின்றன. கோடையில் நீர் இறங்கினால் ஆபத்து கூடும். மழைக்காலத் தொடக்கத்தில் பிற்பகல் சூறைக்காற்று வேறு. கரையோரம் சுற்றும் படகானாலும் மிதவைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். இல்லாத படகில் ஏறாதீர்கள்.

ஏரியில் குளிக்கலாமா?

கூடாது. பில்ஹார்சியா.

நன்னீர் நத்தைகளில் வளர்ந்து, மனிதத் தோலைத் துளைத்து உள்ளே நுழையும் ஒட்டுண்ணி அது. ஆறு வேகமாக ஓடிய காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கின் கவலை, ஆற்று ஈக்கள் பரப்பும் கண்பார்வை நோய். அணை வந்து நீர் நின்றதும் பாசியும் களையும் மண்டின, நத்தை பெருகியது, கரையோரக் குழந்தைகளிடையே சிறுநீரில் இரத்தம் போகும் பில்ஹார்சியா பல மடங்கு பரவியது. தண்ணீர் பார்க்கக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதை நம்ப வேண்டாம். காலை நனைத்துவிட்டால் உடனே துடைத்துக்கொள்ளுங்கள். ஊர் திரும்பிச் சில வாரங்கள் கழித்து மருத்துவரிடம் சொல்லிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். பிராசிக்வாண்டல் மாத்திரையில் குணமாகும் நோய்தான். நீச்சல் வேண்டுமென்றால் விடுதிக் குளம்.

நீர்யானை பார்க்க எங்கே போவது?

மோலேயில் வாய்ப்புக் குறைவு. கருப்பு வோல்டா ஆற்றில் வெச்சியாவ் என்ற இடத்தில் ஊர்ச் சமூகங்களே நடத்தும் நீர்யானைச் சரணாலயம் இருக்கிறது. வா நகரத்திலிருந்து போகலாம். கோடையில் ஆறு வற்றும்போது படகில் அழைத்துப் போய்க் காட்டுவார்கள். ஆனால் அந்த ஆறு புர்கினா பாசோ எல்லையை ஒட்டியே ஓடுகிறது. அன்றைய பாதுகாப்பு நிலவரத்தைக் கேட்காமல் போகாதீர்கள். பழைய நூல்கள் சொல்லும் பூயி தேசியப் பூங்காவை மறந்துவிடலாம். 2013இல் திறந்த பூயி அணையின் தேக்கம் நீர்யானைகளின் ஆற்றுப்படுகையில் பெரும்பகுதியை மூழ்கடித்துவிட்டது.

என்னென்ன தடுப்பூசி வேண்டும்?

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் கானாவுக்குள் நுழைய முடியாது. ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகே சான்றிதழ் செல்லும். அதன்பின் ஆயுள் முழுவதும் செல்லும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், முன்பதிவு செய்துகொண்டு போங்கள். திரும்பி வரும்போது இந்திய விமான நிலையத்திலும் அதே மஞ்சள் அட்டையைக் கேட்பார்கள், இல்லையென்றால் தனிமைப்படுத்துவார்கள். ஆகவே அது பாஸ்போர்ட்டோடு கைப்பையில் இருக்கட்டும்.

மலேரியா பெரிய விஷயம். ஆண்டு முழுவதும், நாடு முழுவதும், பெரும்பாலும் உயிருக்கே ஆபத்தான ஃபால்சிபாரம் வகை. ‘நமக்கெல்லாம் கொசுக்கடி பழக்கம்’ என்பது இங்கே செல்லாது. நம் ஊரில் பிறந்ததால் எந்த எதிர்ப்புச் சக்தியும் வந்துவிடாது. தடுப்பு மாத்திரையை மருத்துவரைக் கேட்டுத் தொடங்கி, திரும்பிய பிறகும் அவர் சொல்லும் நாள் வரை நிறுத்தாமல் சாப்பிடுங்கள். திரும்பிய பின் மாதங்கள் கழித்துக் காய்ச்சல் வந்தாலும் ‘ஆப்பிரிக்கா போயிருந்தேன்’ என்பதை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். வடக்கு கானா மூளைக்காய்ச்சல் பரவும் பட்டைக்குள் இருப்பதால், கோடையில் போகிறவர்கள் அதற்கான தடுப்பூசியையும் மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

என்ன உடை?

பழுப்பு, சாம்பல், வெளிர்பச்சை. கருநீலமும் கறுப்பும் செட்சே ஈயை அழைக்கும். அதன் கடி துணியைத் தாண்டி உறைக்கும். மூடிய ஷூ இல்லாமல் நடைக்கு விடமாட்டார்கள்.

முக்கியமான ஒன்று: இராணுவப் புள்ளி போட்ட உடை வேண்டாம். காட்டுக்குப் போகிறோம் என்று பலர் ஆசையாக வாங்கி வருவது அதைத்தான். கானாவில் பொதுமக்கள் அதை அணிவது சட்டப்படி குற்றம், தொப்பியானாலும் தொல்லைதான்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை, ஆனால் கேட்டுக் கேட்டுத்தான் சாப்பிட வேண்டும். வாச்சே என்பது அரிசியும் காராமணியும் சேர்த்து வேகவைத்தது. காலையிலேயே தெருவோரம் கிடைக்கும். அதன் மேல் ஊற்றும் கறுப்புச் சட்னி ஷிட்டோவில் மீனும் இறாலும் இடித்துப் போட்டிருப்பார்கள், அதைத் தவிருங்கள். ‘ரெட் ரெட்’ என்பது செம்பனை எண்ணெயில் செய்த காராமணிக் குழம்பும் பொரித்த வாழைப்பழமும். அதிலும் சில கடைகளில் கருவாட்டுப் பொடி சேரும். இஞ்சியும் மிளகாயும் போட்டுப் பொரித்த கெலேவேலே வாழைத்துண்டு எல்லாருக்கும் பிடிக்கும். வடக்கின் அன்றாட உணவு டூவோ ஜாஃபி, நம் களியேதான்; உடன் வரும் கீரைக் குழம்பில் இறைச்சி இருக்கும். அசைவர்களுக்குக் கவலையில்லை: ஏரிக்கரையில் சுட்ட திலாப்பியாவும் புளித்த மாவில் கிண்டிய பாங்குவும்.

பணத்தை எப்படிக் கொண்டு போவது?

நாணயம் சீடி. டாமாலேயிலேயே ஏ.டி.எம்.மில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பூங்காவில் அட்டை இயந்திரத்தை நம்ப முடியாது. உள்ளூர்க்காரர்கள் எல்லாவற்றுக்கும் கைப்பேசிப் பணம் செலுத்துகிறார்கள். பூங்காவில் நுழைவுக் கட்டணம், நடைக்கும் ஜீப்புக்கும் காவலர் கட்டணம் எல்லாம் தனித்தனி; வெளிநாட்டவருக்கு அதிகம். ஜீப்பை நான்கைந்து பேர் பகிர்ந்தால் செலவு பாதிக்கும் கீழே இறங்கும். முந்தைய நாள் இரவு உணவின்போது பக்கத்து மேசையில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள்.

எத்தனை நாள் வேண்டும்?

மோலேயில் மூன்று இரவு. அதற்குக் குறைத்தால் அலைச்சல் மட்டுமே மிஞ்சும். அக்ராவில் இறங்கி ஓர் இரவு, விமானத்தில் டாமாலே, மோலே, பிறகு காரில் தெற்கே இறங்கிக் குமாசி நகரம், கடைசியில் அகோசோம்போவில் இரண்டு இரவு என்று போட்டால் ஒன்பது, பத்து நாளில் நிதானமாக முடியும். குமாசி வழியில் போவாபெங்-ஃபியமாவில் நிற்காமல் வராதீர்கள். இரண்டு ஊர்க்காரர்களும் மோனா, கொலோபஸ் குரங்குகளைத் தெய்வத்தின் பிள்ளைகளாக மதித்து, இறந்த குரங்கைப் புதைத்துச் சடங்கு செய்கிறார்கள். நம்பிக்கை தளர்ந்து சிலர் வேட்டையாடத் தொடங்கியபோது 1975இல் உள்ளூர்ச் சட்டமே போட்டுத் தடுத்தார்கள்.

நாள் குறைவாக இருந்தால் ஏரியைத்தான் விட வேண்டும், மோலேயை அல்ல.

குழந்தைகளை அழைத்துப் போகலாமா?

எட்டு, பத்து வயதுக்கு மேல் என்றால் தாராளமாக. சிறு குழந்தைகளுக்கு மலேரியா மருந்து, வெயில், நீண்ட கார்ப் பயணம் மூன்றும் கடினம். நடையில் சத்தமில்லாமல் இருக்கச் சொல்வது அதைவிடக் கடினம். மோட்டலின் திண்ணையிலிருந்து யானை பார்ப்பது அவர்களுக்குப் போதும். கையில் தின்பண்டம் கொடுத்து அங்கே நிற்க வைக்காதீர்கள். பபூன் பறிக்கும்போது நகம் படலாம். பட்டுவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு, வெறிநோய்த் தடுப்பூசிக்காக அன்றே டாமாலே கிளம்ப வேண்டும்.